கருத்துக் கேட்புக்குப் போகும் முன்: தண்ணீர் போகும் வழியைத் தாளில் எழுதுங்கள்



நம் இயக்கத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் ஓர் இளம் விவசாயி என்னிடம் கேட்டார். "ஐயா, எங்க பக்கத்துல வெள்ள வடிகால் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. போனா பிரயோஜனம் உண்டா? போய் என்ன பேசறது?" அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது வீண். இரண்டாம் முறை வீணாகவில்லை. நடுவில் என்ன கற்றுக்கொண்டேன் என்பதுதான் இந்தப் பாடம்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர்

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. மேற்கே மேடு, கிழக்கே கடல். மேட்டில் விழுகிற மழை ஓர் ஏரியை நிரப்பி, கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கி, இப்படிச் சங்கிலியாகக் கிழக்கே வரும். திருப்போரூர் வட்டாரத்தில் தையூர், சிறுதாவூர், மானாமதி ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஏரிகள் நிரம்பி மிஞ்சுகிற தண்ணீர் பழைய மாமல்லபுரம் சாலையின் வாராவதிகளுக்குள் புகுந்து, பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும் இருக்கிற தாழ்நிலத்தில் பரவும். அங்கிருந்து கோவளம் – முட்டுக்காடு முகத்துவாரத்தைத் தேடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தண்ணீரும் ஒக்கியம் மடுவு வழியாக அதே கால்வாயில் சேர்ந்து, அதே முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. கோடையில் அந்த வாய் மணல் மூடிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்திருந்தாலும் கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் இறங்காது.

அதாவது வாசல் ஒன்று, வருகிற கூட்டமோ பல ஊர். சென்னைத் தெற்கில் ஒரு வடிகாலை வேகப்படுத்தினால் அதன் விளைவு எங்கள் கழனி வரைக்கும் வரலாம். ஆகவே நகரத்துக்குப் போடுகிற வடிகால் திட்டம் நமக்கு எதற்கு என்று கிராமத்துக்காரர் இருந்துவிடக் கூடாது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பல ஊர்கள் அதற்குள் வந்துவிட்டன. இனி நம் ஏரிகளும் நகரத் திட்டக்காரர் மேசையில்தான்.

முதல் கூட்டம்

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, அப்பாவின் மூன்று ஏக்கரைக் கையில் எடுத்து இயற்கை விவசாயத்துக்கு வந்தவன் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. இரண்டு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா, முக்கால் ஏக்கரில் கத்தரியும் வெண்டையும். கழனியில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. சம்பா சாய்ந்தாலும் பாதி தேறியது. கத்தரி மூன்றாம் நாளே வேர் அழுகிச் செத்தது. மூன்று வருடமாகச் சேர்த்த மண்புழு உரமும் மூடாக்கும் கரைந்து போனதுதான் எனக்குப் பெரிய வலி.

முன்பெல்லாம் எங்கள் ஊரில் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்துவிடும். சில வருடம் முன் ஊர்ச் சாலையை அகலப்படுத்தியபோது, இரண்டு கண் வைத்த பழைய வாராவதியை எடுத்துவிட்டு ஒரே ஒரு சிமென்ட் குழாயைப் போட்டுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு வடிகால் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. போனேன். ஏழு நிமிடம் பேசினேன். மண் செத்தால் எல்லாம் செத்தது, முன்னோர் ஏரி வெட்டினார்கள், நாம் மூடுகிறோம் என்றெல்லாம் உணர்ச்சியோடு சொன்னேன். பலத்த கைதட்டல். பிறகு கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் கைக்கு வந்தது. என் ஏழு நிமிடம் அதில் ஒரே வரி: "விவசாயிகள் சிலர் பொதுவான கருத்துகளைத் தெரிவித்தனர்."

முதலில் கோபம் வந்தது. அப்புறம் என் பழைய மேசை நினைவுக்கு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த மேசைக்கு எதிரே விவசாயிகள் உட்கார்ந்து, வெள்ளத்தில் போன பயிரைப் பற்றிக் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன சொன்னேன்? "எழுத்துல கொடுங்க. அடங்கல்ல என்ன பயிர்னு இருக்கு? எந்த சர்வே நம்பர்?" அவர்கள் கையில் காகிதம் இருக்காது. கோப்பு அங்கேயே நின்றுவிடும். இந்தத் தடவை காகிதம் இல்லாமல் போனவன் நான்.

முதல் வேலை: நடந்து பாருங்கள்

எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். எழுபத்தைந்து தாண்டியவர். பங்குனியில் ஒரு காலை அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, கலங்கல்லேர்ந்து தண்ணி எப்படிப் போவுது, ஒரு தடவை நடந்து காட்டறீங்களா?"

"இத்தினி வருசமா எவனும் கேக்கல மேனேஜர் சார். நட, காட்றேன்."

கலங்கலில் தொடங்கி ஊர் எல்லை வரை நடந்தோம். எந்த இடத்தில் வாய்க்கால் திரும்பும், எந்த வருடம் எந்த மதகு உடைந்தது, எந்த மனையின் கீழே பழைய ஓடை படுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கிராம வரைபடத்தின் நகலில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து அ-பதிவேட்டில் அந்தந்த சர்வே எண்ணைப் பார்த்தேன். அவர் கால் வைத்துக் காட்டிய இடத்தில் பெரும்பாலும் பதிவேட்டிலும் "ஓடை" அல்லது "வாய்க்கால்" புறம்போக்கு என்றே இருந்தது. பதிவேட்டில் இல்லாத ஒரு வழியும் உண்டு. பட்டா நிலங்களின் குறுக்கே மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் பரவி ஓடுகிற தாழ்வு அது. திட்ட வரைபடக்காரர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஊர்க்காரர் சொன்னால்தான் உண்டு.

பங்குனியில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை நடக்க வேண்டும். மழையில் நடக்கும்போது கைப்பேசியில் தேதி தெரியும்படி படம் எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் சுவரிலும் மின்கம்பத்திலும் இருக்கும் சேற்றுக்கோட்டை நாடா வைத்து அளந்து எழுதுங்கள். நீர்க்கட்டிகள் வயதானவர்கள். அவர்களுக்குப் பின் இந்தக் கணக்கு ஊரில் வேறு யாரிடமும் இருக்காது.

இரண்டாவது வேலை: கணக்குப் போடுங்கள்

பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். கார்த்திகையில் நிலம் ஏற்கெனவே ஊறி நிறைந்திருக்கும், குடிப்பதற்கு இடம் இருக்காது. ஆகவே 100 ஏக்கர் ஆயக்கட்டில் 4 கோடி லிட்டர் வெளியேற வேண்டும். அதை 24 மணி நேரத்தில் வடிக்க நொடிக்கு 468 லிட்டர் போக வேண்டும். ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்படியானால் சுமார் 16.5 கன அடி.

இப்போது குழாயைப் பாருங்கள். இரண்டடி விட்டமுள்ள குழாயின் வாய் 3.14 சதுர அடி. தண்ணீர் நொடிக்கு 3 அடி வேகத்தில் ஓடினால் 9.4 கன அடிதான் போகும். எடுத்துவிட்ட பழைய வாராவதி, கண்ணுக்கு 4 அடி அகலம், 3 அடி உயரம், இரண்டு கண். மொத்தம் 24 சதுர அடி. அதே வேகத்தில் 72 கன அடி. நம் ஆயக்கட்டின் 4 கோடி லிட்டர் இந்தக் குழாய் வழியாகப் போக ஒன்றே முக்கால் நாள் ஆகும். அதுவும் அந்தப் பக்கம் தண்ணீர் ஏறாமல், பிளாஸ்டிக் குப்பை அடைக்காமல் இருந்தால். கலங்கல் வழிந்து வருகிற ஏரித் தண்ணீரை இதில் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் ஒன்பது நாள் நின்றதில் என்ன ஆச்சரியம்?

72க்குப் பதில் 9.4. இந்த இரண்டு எண்கள், நான் கூட்டத்தில் பேசிய ஏழு நிமிடத்தைவிடப் பெரிதாகப் பேசின.

மூன்றாவது வேலை: எந்தப் பயிர், எத்தனை நாள்

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். விவசாய நிலத்துக்கு வடிகால் வடிவமைக்க இந்தியத் தர நிர்ணய வழிகாட்டுதல் ஒன்று உண்டு, ஐ.எஸ். 8835. பயிரைப் பொறுத்து எத்தனை நாளில் மழைநீர் வடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. நெல்லுக்கு 7 முதல் 10 நாள். கரும்பு, வாழைக்கு 7 நாள். சோளம், கம்பு, பருத்தி போன்றவற்றுக்கு 3 நாள். காய்கறிக்கு ஒரே நாள்.

இதன் பொருள் என்ன? உங்கள் அடங்கலில் வெறும் "நெல்" என்று இருந்தால், தண்ணீர் ஒரு வாரம் நின்றாலும் வடிகால் சரியாகத்தான் இருக்கிறது என்று பொறியாளர் சொல்ல இடம் உண்டு. நட்டு இரண்டு வாரமான நாற்று முழுக்க மூழ்கினால் ஒரு வாரம் தாங்குவதே கடினம் என்பது நமக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது. நாமோ இயற்கை விவசாயத்தில் கலப்புப் பயிர் வைக்கிறோம். வரப்பில் துவரை, மேட்டுப்பாத்தியில் காய்கறி, நெல்லுக்குப் பின் உளுந்து. இவை எதுவும் கிராமக் கணக்கில் ஏறுவதில்லை. ஒவ்வொரு போகமும், சொர்ணவாரி, சம்பா, நவரை எதுவானாலும், கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து உண்மையான பயிரை அடங்கலில் பதியச் செய்யுங்கள். வடிகால் திட்டத்துக்கும் அது சான்று, இழப்பீட்டுக்கும் அது சான்று.

நான்காவது வேலை: முதலில் நம் வேலியைப் பாருங்கள்

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போக்குக் கால்வாயின் அகலத்தைப் புலப்படத்தோடு ஒப்பிட்டு நாடா பிடித்தபோது, என் நிலத்தின் ஓரத்தில் மட்டும் நாலடி குறைந்தது. என் வேலி கால்வாய்க்குள் நின்றது. வேலிக்குள் அப்பா வைத்த மூன்று தென்னை.

நீர்க்கட்டிப் பெரியவர் சிரித்தார். "உங்கப்பா வெச்சப்பவே சொன்னேன். கேக்கல."

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. காய்க்கிற மரங்கள், அதுவும் அப்பா கை வைத்தவை. வீட்டுக்காரம்மா கேட்டார், "நீங்க போய் மத்தவங்க ஆக்கிரமிப்பப் பத்தி எழுதப் போறீங்க. நாளைக்கு அவங்க வந்து இதைக் காட்டினா என்ன சொல்வீங்க?" மரங்களை வெட்டினேன், வேலியைப் பின்னுக்கு நகர்த்தினேன், கரையில் வெட்டிவேர் நட்டேன். அதைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரர் இருவர் தாமாகவே தங்கள் வரப்பைச் செதுக்கிக்கொடுத்தார்கள். மூன்றாமவர் இன்னும் கொடுக்கவில்லை.

ஏரி, அதன் வாய்க்கால் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அது நமக்கும் சேர்த்துத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் கணக்கைத் தொகுத்தார். விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கென்று ஊரே ஒதுக்கி வைத்தது அந்தக் கணக்குகளில் தெரிகிறது. அந்தப் பங்கை நிறுத்தியது வேறு யாரோ என்றாலும், கால்வாயை நாலடி கடித்தது நாம்தானே.

மனுவை எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரு விஷயம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நாங்கள் எழுதியது இந்த அமைப்பில்:

"எங்கள் ஊர் ஏரியின் கலங்கலிலிருந்து சர்வே எண் ___, ___, ___ வழியாகப் போக்குக் கால்வாய் செல்கிறது. பதிவேட்டின்படி அகலம் ___ அடி. இன்று உள்ளது ___ அடி. சாலையைக் கடக்கும் இடத்தில் இப்போதுள்ள திறப்பு 3.14 சதுர அடி, முன்பு 24 சதுர அடி. 2023 டிசம்பரில் ___ ஏக்கரில் 9 நாள் தண்ணீர் நின்றது. நிழற்படங்களும் அடங்கல் நகலும் இணைப்பில். கேள்வி: திட்ட வரைவில் இந்த இடத்துக்கு எத்தனை கன அடி கணக்கிடப்பட்டுள்ளது? கோரிக்கை: பழைய அளவுக்குக் குறையாத வாராவதி."

கேள்வியைக் கேள்வியாகவே எழுதுங்கள். "அநியாயம்" என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. "எத்தனை கன அடி?" என்று கேட்டால் எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது கணக்கிடவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பல பேர் கையெழுத்திடுங்கள். கீழ்மடை விவசாயியும் மேல்மடை விவசாயியும் சேர்ந்து போடுவது முக்கியம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எந்தெந்த வாசலில் தட்டுவது

கிராம சபை: ஆண்டுக்கு ஆறு முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரி, வாய்க்கால் தீர்மானத்துக்கு அதைவிட நல்ல நாள் இல்லை, மழைக்கு முன் வேலை முடிக்கவும் நேரம் இருக்கும்.

விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம்: ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம். நீர்வளத்துறை, வருவாய்த்துறை, வேளாண்துறை எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள்.

முழுமைத் திட்டம்: 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவு வெளியான பின் ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். உங்கள் ஓடை வரைபடத்தில் குடியிருப்புப் பகுதியாக நிறம் மாறியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

சுற்றுச்சூழல் பொது விசாரணை: 2006 அறிவிக்கையின் கீழ் வரும் திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்கம், முழுக்க வீடியோப் பதிவு எல்லாம் கட்டாயம். எழுத்து மூலமாகவும் கருத்துத் தரலாம். எல்லா மழைநீர் வடிகாலும் இந்த விதிக்குள் வராது. வராதபோது இருக்கவே இருக்கிறது தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய், முப்பது நாள்.

பெரிய திட்டங்களிடம் கேட்க வேண்டியவை

கோவளம் வடிநிலத்தில் சென்னை மாநகராட்சி ஜெர்மனியின் கே.எப்.டபிள்யூ. வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் திட்டம் எடுத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியில் குடியிருப்போர் எதிர்த்தார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: இது மணல் மேடு, மழையை மண்ணே குடித்துவிடும், கான்கிரீட் கால்வாய் போட்டுக் கடலுக்கு அனுப்பினால் நிலத்தடி நன்னீர் குறைந்து உப்பு ஏறும். விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் அந்தப் பகுதியில் வேலை நின்றது. மண்ணைத் தெரிந்தவர்கள் மண்ணை வைத்துப் பேசியதால் அந்த வாதத்துக்கு எடை கிடைத்தது.

இப்போது நம் முன்னே இருப்பது இன்னொன்று. 2025-26 நிதிநிலை அறிக்கையில் திருப்போரூர் வட்டத்தில் கோவளம் அருகே 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர், கடலுக்குப் போகிற வெள்ளத்தைத் தேக்குதல் என்று நோக்கம். கழிமுகத்தை நம்பிய மீனவர்களுக்குத் தனிக் கவலைகள் உண்டு, அதை அவர்களே சொல்வார்கள். ஏரிப் பாசன விவசாயிகள் நாம் கேட்க வேண்டியவை: தேக்கத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது அதன் மட்டம் எவ்வளவு? நம் போக்குக் கால்வாய்கள் வந்து சேரும் இடத்தின் மட்டம் எவ்வளவு? இரண்டாவது தாழ்வாக இருந்தால் தண்ணீர் பின்னேறி நம் கழனியில் நிற்குமா? பெருமழையில் எப்போது, எத்தனை கன அடி திறப்பார்கள், யாருக்கு முன்னறிவிப்பு? மேலே உள்ள ஏரிகளைத் தூர்வாரினால் கீழே எவ்வளவு சுமை குறையும் என்று கணக்கிட்டார்களா? திட்டம் நல்லதா கெட்டதா என்பதை இந்தப் பதில்கள் வந்த பிறகு பேசலாம்.

எதிர்ப்பதோடு நிற்காமல் மாற்றையும் கொண்டுபோனவர்கள் உண்டு. நெதர்லாந்தில் மாஸ் ஆற்றின் கரையில் ஓவர்டீப்சே போல்டர் என்ற தாழ்நிலம். வெள்ளக் காலத்தில் ஆற்றை அதற்குள் விட அரசு நினைத்தது. அங்கிருந்த விவசாயிகள் தாங்களே ஒரு திட்டம் போட்டார்கள். நிலத்தின் ஓரத்தில் உயர்ந்த மேடுகள் எழுப்பி வீட்டையும் மாட்டுக்கொட்டகையையும் மேலே ஏற்றுவோம், வெள்ளம் வந்தால் புல்வெளி மட்டும் மூழ்கட்டும் என்றார்கள். அரசு ஏற்றது. எட்டுப் பண்ணைகள் அந்த மேடுகளில் இன்று இருக்கின்றன. மற்றக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் யார் இருப்பது, எப்படி இருப்பது என்பதில் விவசாயியின் சொல் இருந்தது.

இரண்டாம் கூட்டம்

இரண்டாவது கூட்டத்தில் நான் ஒன்றரை நிமிடம்தான் பேசினேன். மனுவைப் படித்தேன், இணைப்போடு கொடுத்தேன், ஒப்புகை வாங்கினேன். கைதட்டல் இல்லை. நடவடிக்கைக் குறிப்பில் எங்கள் ஊர்ப் பெயர், சர்வே எண்கள், 72, 9.4 எல்லாம் அப்படியே ஏறியிருந்தன. பிறகு பொறியாளர் ஒருவர் வந்து குழாயை அளந்தார். என் கணக்கில் இருந்த ஒரு சின்னத் தவறைத் திருத்தியும் கொடுத்தார். வாராவதி மதிப்பீட்டுக்குப் போயிருக்கிறது. இன்னும் கட்டவில்லை. கட்டும் வரை மாதம் ஒரு கடிதம் என்று வைத்திருக்கிறேன். கடன் வசூலில் கற்ற பழக்கம்.

இதற்கிடையில் எங்கள் ஊர் இளைஞர்கள் மழைக்கு முன் குழாய் வாயில் கம்பி வலை வைத்துக் குப்பையை அள்ளுகிறார்கள். நான் காய்கறிப் பாத்தியை ஒரு முழம் உயர்த்தியிருக்கிறேன். தாழ்ந்த கால் ஏக்கரில் தண்ணீர் தாங்கும் மடுமுழுங்கி விதைக்க விதை வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊரில் நோட்டீஸ் ஒட்டும் வரை காத்திருக்காதீர்கள். ஒட்டிய பிறகு கிடைப்பது முப்பதோ அறுபதோ நாள்தான், ஒரு மழைக்காலத்தை அதற்குள் அளக்க முடியாது. இந்த ஐப்பசிக்குள் கிராம வரைபட நகல் ஒன்று, நாடா ஒன்று, பென்சில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் நீர்க்கட்டி வீட்டுக்குப் போய், "அண்ணா, கொஞ்சம் நடக்கலாமா?" என்று கேளுங்கள்.